கூட இருப்பவரை யார் பார்ப்பது?

நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஒரு கட்டில் உண்டு, ஒரு கேஸ் ஷீட் உண்டு, ஓர் ஐ.பி. நம்பர் உண்டு. கூட இருப்பவருக்கு உள்ளதெல்லாம் ஓர் அட்டெண்டர் பாஸ்தான். ரவுண்ட்ஸ் வரும்போது ‘அட்டெண்டர்லாம் வெளியில நில்லுங்க’ என்று ஒரு குரல் வரும். ரவுண்ட்ஸ் முடிந்ததும் ‘இந்த பெட்டுக்குக் கூட யாரு இருக்கீங்க?’ என்று அதே குரல் தேடும். ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்கேனுக்கு வீல்சேர் தள்ளுவது, பெட்பேன் வைத்து எடுப்பது, ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தபடி டிரிப்ஸ் தீர்ந்துவிட்டதா என்று அரைத் தூக்கத்தில் அண்ணாந்து பார்ப்பது எல்லாம் அவர் வேலை. பெரும்பாலும் அது மனைவி, மகள் அல்லது மருமகள்.

இந்த வேலையின் கடினமான பகுதி டிஸ்சார்ஜ் அன்றுதான் தொடங்குகிறது. பில் கட்டி முடித்து, ஆட்டோ வாசலில் நிற்கும் நேரத்தில் பாடம் நடக்கும். ‘தலைய உயர்த்தி வெச்சுதான் பால் ஊத்தணும். ஊத்துறதுக்கு முன்னாடி ட்யூப் எடத்துல இருக்கான்னு பாருங்க. கடைசியில கொஞ்சம் தண்ணி விட்ரணும். ரெண்டு மணிக்கொரு தடவ திருப்பிப் படுக்க வைங்க. புரிஞ்சுதாம்மா?’ ‘புரிஞ்சுது சிஸ்டர்.’ புரியவில்லை என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த ஐந்து நிமிஷப் பாடத்தை நீட்டி, ஒழுங்குபடுத்தி, முறையான பயிற்சியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? நோயாளி சீக்கிரம் தேறுவாரா? பார்த்துக்கொள்பவருக்குச் சுமை குறையுமா? நர்சிங் துறையும் அதை ஒட்டிய துறைகளும் நாற்பது வருஷமாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. கிடைத்த பதில்களில் சில, கேட்டவர்களையே சங்கடப்படுத்தின.

சுமையை அளப்பதே முதலில் ஒரு சிக்கல். 1980இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட்டும் அவர் கூட்டாளிகளும் மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக ஒரு கேள்வித்தாள் போட்டார்கள். முதலில் 29 கேள்விகள். பிறகு 22 ஆகச் சுருக்கிய வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. மொத்த மதிப்பெண் 88. கூடக்கூட சுமை அதிகம். உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போகிறதா, அவரால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். நம் வீடுகளில் இதைக் கேட்டுப் பாருங்கள். ‘பெத்த அம்மாவ பாரம்னு சொல்லுவேனா?’ என்று பதில் வரும், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. கேள்விக்குப் பூஜ்யம், முகத்துக்கு நூறு.

இதற்குச் சென்னையில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைச் சேர்ந்த ஆர். தாராவும் ஆர். பத்மாவதியும் மற்றவர்களும், வெளியூர்க் கேள்வித்தாளை மொழிபெயர்த்து ஒப்பேற்றாமல், மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தாரிடமே பேசிப் பேசி அவர்கள் எதையெல்லாம் சுமை என்கிறார்கள் என்று திரட்டினார்கள். 1998இல் வெளியான அந்த அளவுகோலில் 40 கேள்விகள். நர்சிங் ஆய்வில் இன்னொரு வழியும் உண்டு: சுமையைக் கேட்காமல் தயார்நிலையைக் கேட்பது. ஆரிகன் மாநிலத்தில் செவிலியர் பேராசிரியர் பட்ரீஷியா ஆர்ச்போல்டும் பார்பரா ஸ்டூவர்ட்டும் 1990 வாக்கில் உருவாக்கிய அளவுகோலில் எட்டே கேள்விகள். அவர் உடம்புக்கு வேண்டியதைச் செய்ய எவ்வளவு தயாராக இருக்கிறீர்கள், மனசுக்கு வேண்டியதைச் செய்ய எவ்வளவு, திடீரென்று ஏதாவது ஆனால் எவ்வளவு, ஆஸ்பத்திரியிலிருந்து தகவலும் உதவியும் வாங்க எவ்வளவு என்று போகும். ‘பாரமா?’ என்றால் வாயை மூடிக்கொள்பவர், ‘நைட்டு மூச்சு வாங்கினா என்ன பண்றதுன்னு தெரியுமா?’ என்றால் பேசிவிடுவார். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

சுமை வெறும் மனசு விஷயம் இல்லை என்பதற்கு 1995இல் ஒரு விசித்திரமான சான்று கிடைத்தது. ஒஹாயோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேஸரின் குழு, மறதிநோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களையும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பேரையும் அழைத்து, எல்லோருக்கும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் காயம் செய்து, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணியது. மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள். பார்த்துக்கொள்பவர்களுக்கு 48.7 நாள். நாலு வருஷம் கழித்து ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது: வயதான துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தவர்கள் நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பில்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம்.

இந்த 63 சதவீதம் மேடைதோறும் பேசப்படுகிறது. அதில் பாதி விழுங்கப்பட்டுவிடுகிறது. அந்த எண் நொந்துபோனவர்களுக்கானது. பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் அல்ல. 2013இல் டேவிட் ராத் குழு 3,503 பேரைக் கொண்டு வேறு விதமாக ஒப்பிட்டபோது, குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஒருவரைப் பார்த்துக்கொள்வது தன்னளவில் ஆளைக் கொல்வதில்லை. தனியாக விடப்படும்போதுதான் உடம்பு சரிகிறது என்று நான் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். பக்கவாதத்தை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒரே ராத்திரியில் ஒருவரை நோயாளியாகவும் இன்னொருவரை நர்ஸாகவும் ஆக்கிவிடும் நோய் அது. 2004இல் லண்டனில் லலித் கால்ரா குழு, பக்கவாத நோயாளிகளின் வீட்டார் 300 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தது. பாதிப் பேருக்கு வார்டிலேயே சிலமுறை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: எப்படித் தூக்கி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது. வீட்டுக்குப் போனபின் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களுக்குச் சுமையும் மனச்சோர்வும் குறைவு. மொத்தச் செலவும் குறைவு. எல்லோருக்கும் சந்தோஷம்.

அதே பாடத்தைப் பிரிட்டனில் 36 பக்கவாத மறுவாழ்வுப் பிரிவுகளுக்கு விரித்து, 928 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் சேர்த்து ஆன் ஃபார்ஸ்டர் குழு சோதித்தது. 2013இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் நோயாளிக்கும் வித்தியாசம் இல்லை, வீட்டாருக்கும் வித்தியாசம் இல்லை. ஆர்வமுள்ள ஒரு குழு ஓரிடத்தில் கண்ணும் கருத்துமாகச் செய்தது, அவசரத்தில் ஓடும் 36 வார்டுகளில் ‘சொல்லிக்கொடுத்தாச்சு’ என்று டிக் அடிக்கும் வேலையாக மாறினால் என்ன ஆகும் என்று நம் ஊர் நர்ஸ் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள்: பக்கவாதம் வந்த உடனடிக் காலம் பாடம் எடுக்க ஏற்ற நேரமாக இல்லாமல் இருக்கலாம். கணவர் பிழைப்பாரா என்று தெரியாமல் நிற்பவரிடம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையைச் சொன்னால் காதில் ஏறுமா?

இந்தியாவில் நடந்தது இன்னும் பெரியது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். சோதனையின் பெயர் அட்டெண்ட். நம் காதுக்கு அது ‘அட்டெண்டர்’ என்றே விழும். பிஸியோதெரபி வசதி எட்டாத நாட்டில், வீட்டார்தான் எப்படியும் கூடவே இருக்கிறார்களே, அவர்களுக்கே மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன என்பது யோசனை. கேட்டவுடன் சரி என்று தோன்றும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தார்கள், பிறகு வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறர் தயவில் இருப்பவர்கள், பயிற்சி பெற்ற பக்கம் 47 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பக்கமும் 47 சதவீதம்.

அந்தக் கட்டுரையின் முடிவுரை நேர்மையானது. வேலையைக் குடும்பத்தார் தோளுக்கு மாற்றும் புதிய பக்கவாதச் சேவைகளில், வேறு சான்று கிடைக்கும்வரை முதலீடு செய்வதை இந்த முடிவுகள் ஆதரிக்கவில்லை என்று எழுதினார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வழக்கமான சிகிச்சைப் பக்கம் இருந்த குடும்பங்கள் சும்மாவா உட்கார்ந்திருந்தன? அவர்களும் கையைக் காலைப் பிடித்து அசைத்திருப்பார்கள், எண்ணெய் தேய்த்திருப்பார்கள், பக்கத்து பெட்காரரைப் பார்த்துக் கற்றிருப்பார்கள். ஏற்கெனவே முழுக்க நனைந்திருப்பவர் மேல் இன்னொரு குடம் ஊற்றினால் என்ன வித்தியாசம் தெரியும்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அட்டெண்ட் சோதனை முதன்மையாகக் கேட்டது நோயாளி என்ன ஆனார் என்பதை. குடும்பம் அங்கே சிகிச்சையைக் கொண்டுசேர்க்கும் கை. பலன் தந்த ஆய்வுகளை எடுத்து வைத்துப் பார்த்தால், அவற்றில் குடும்பமும் கவனிக்கப்படும் ஆளாக இருக்கிறது.

நியூயார்க்கில் மேரி மிட்டல்மேன் 1987இல் தொடங்கிய வேலை இதில் எனக்கு மிகவும் பிடித்தது. மறதிநோய் உள்ள கணவனையோ மனைவியையோ வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த 406 பேர். பாதிப் பேருக்குத் தனியாக இரண்டு ஆலோசனை அமர்வுகள், பிறகு குடும்பத்தாரை எல்லாம் கூட்டிவைத்து நான்கு அமர்வுகள், அதன்பின் ஆதரவுக் குழு, தேவைப்படும்போதெல்லாம் போன் செய்து பேச ஓர் ஆள். அந்த நான்கு அமர்வுகள்தான் விஷயம். நம் ஊர்க் கணக்கில் யோசியுங்கள்: பெங்களூரில் இருக்கும் மூத்த மகன், ‘என்ன செலவானாலும் பரவாயில்ல’ என்று சிங்கப்பூரிலிருந்து சொல்லும் இளையவன், ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து ‘அம்மா ஏன் இப்படி மெலிஞ்சிட்டாங்க?’ என்று கேட்டுவிட்டுப் போகும் மகள், இவர்களை எல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்து, தினமும் மலம் அள்ளும் மருமகள் என்ன செய்கிறாள் என்று ஒரு வெளியாள் எடுத்துச் சொல்வது. 2006இல் வெளியான முடிவின்படி, இந்த உதவி பெற்றவர்கள் துணையை நர்சிங் ஹோமில் சேர்க்கும் விகிதம் 28 சதவீதம் குறைந்தது. இடைநிலை (மீடியன்) கணக்கில், அப்படிச் சேர்ப்பது 557 நாள் தள்ளிப்போனது. (அங்கே நர்சிங் ஹோம் என்றால் நம் ஊர்த் தெருமுனைத் தனியார் ஆஸ்பத்திரி இல்லை, முடியாதவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் இல்லம்.) ட்யூபில் பால் ஊற்றுவது எப்படி என்று அங்கே யாரும் பாடம் எடுக்கவில்லை.

கோவாவில் அமித் டயஸ் குழு இதன் எளிய வடிவம் ஒன்றைச் செய்துகாட்டியது. மறதிநோய் உள்ள 81 குடும்பங்கள். பிளஸ் டூ முடித்த உள்ளூர் ஆட்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மேலே ஒரு மனநல மருத்துவர் இருந்தார். நோய் பற்றிச் சொல்வது, எரிச்சலூட்டும் நடத்தைகளைச் சமாளிக்க வழி சொல்வது, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவுவது, முக்கியமாக உட்கார்ந்து கேட்பது. ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டது. நோயாளியின் நடத்தையில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. நோய் அப்படியே இருக்க, அதைச் சுமப்பவர் மட்டும் கொஞ்சம் நிமிர முடியும் என்பதை 2008இல் வந்த இந்தச் சிறிய ஆய்வு காட்டியது. இதன் வேர் 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர் கூட்டத்தில் இருக்கிறது. அப்போது உருவான குழுவின் பெயர் 10/66: உலகின் மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்ற கணக்கு.

நர்சுகளே நடத்திய ஆய்வுகளில் மேரி நேலரின் 1999 ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஃபிலடெல்ஃபியாவில் 363 முதியோர். பாதிப் பேருக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் பார்க்க வந்த அதே நர்ஸ் டிஸ்சார்ஜுக்குப் பின் வீட்டுக்கும் போனார், வாரம் ஒருமுறை தானாகவே போன் செய்தார், வாரத்தின் ஏழு நாளும் போனில் கிடைத்தார். 24 வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இந்தப் பக்கம் 20.3 சதவீதம், அந்தப் பக்கம் 37.1 சதவீதம். வார்டில் ஒருவர், ஓ.பி.யில் ஒருவர், போனில் யாரோ என்றில்லாமல் ஒரே ஆள் என்பதுதான் அங்கே மருந்து. வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு கதீட்டரில் ரத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு நம்பரும் இருந்தன.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இடம் போதாத நிலையில், மருத்துவர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரை அங்கேயே தங்கவைத்தார். மேற்கு நாடுகளில் பார்வையாளர் நேரம் என்று மணியடித்துச் சொந்தக்காரர்களை வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் நோயாளியோடு குடும்பத்தார் வந்து தங்குவதை நடைமுறையாக்கிக்கொண்டது. தங்கியவர்கள் சமைத்தார்கள், கேட்டார்கள், நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு ஊருக்குப் போனார்கள்.

வீட்டுப் பக்கத்தில் கேரளம் முன்னால் நிற்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வலி தணிப்பு அமைப்பு, ஊர்மக்களே நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. அதன் முதுகெலும்பு வீடு வீடாகப் போகும் நர்ஸ். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்பு நர்சும் பிஸியோதெரபிஸ்டும் வீட்டுக்கே போகும் ஏற்பாடு உண்டு. கதவைத் தட்டும் ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. பதிவேட்டில் நோயாளியின் பிரஷருக்கு ஒரு கட்டம் இருப்பது போல, கட்டிலருகே நிற்கும் அம்மாவுக்கும் ஒரு கட்டம் போட்டால் செலவு அதிகம் ஆகாது. அவருக்கும் பிரஷர் இருக்கும். பார்க்க நேரம் கிடைத்திருக்காது.

வார்டு நர்ஸைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ராத்திரி ஷிஃப்டில் ஒருவரே ஒரு வார்டு முழுக்கப் பார்க்கும் இடத்தில் ‘குடும்பத்தாரின் தயார்நிலையை மதிப்பிடுக’ என்று சர்க்குலர் விட்டால், இன்னொரு பேப்பர்தான் கூடும். பெங்களூரு, மைசூரு பக்கம் நாராயணா மருத்துவமனைகளில் தொடங்கிய நூரா ஹெல்த் போன்ற முயற்சிகள், நர்சுகளுக்கு அதற்கென்றே நேரமும் பாடமும் ஒதுக்கி, வார்டில் குடும்பத்தாரைக் கூட்டமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கின்றன. இது நல்லதுதான். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காமல் ‘எங்க, நீங்க ஒருதடவ செஞ்சு காட்டுங்க’ என்று கேட்பது எந்த வார்டிலும் இன்றைக்கே முடியும். ஆனால் பிரிட்டனின் 36 வார்டுகளும் அட்டெண்டும் சொன்னதை மறந்துவிட்டு, பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி வீட்டார் பாடு என்று நர்ஸ் பணியிடங்களைக் குறைக்க இதை யாராவது சாக்காக்கினால், அது குடும்பங்களின் தலையில் விழும்.

கடைசியாக ஒன்று. மாரி பகிடாஸ் என்ற செவிலியர் ஆய்வாளர் அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்காக நடத்திய எனேபிள் ஆய்வுகள் பெரும்பாலும் போனிலேயே நடந்தவை. ஆஸ்பத்திரி தொலைவில் உள்ள கிராமப்புற மக்களையும் எட்ட வேண்டும் என்பதால். மூன்றாவது ஆய்வில் நோயாளிகள் 207 பேர், குடும்பத்தார் 122 பேர். குடும்பத்தாருக்கென்று தனியாக, வாரம் ஒன்றாக மூன்று அழைப்புகள், அதன்பின் மாதம் ஒன்று. ஒரு பாதிக்கு உடனே தொடங்கினார்கள், மறுபாதிக்கு மூன்று மாதம் கழித்து. உடனே தொடங்கிய பக்கத்துக் குடும்பத்தாரிடம் மூன்று மாத முடிவில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. பக்கவாதத்தில் சீக்கிரம் போனது பலிக்கவில்லை, இங்கே சீக்கிரம் போனது பலித்தது. அங்கே வார்டிலேயே வேலை கற்றுக்கொடுக்கப் போனார்கள். இங்கே ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று கேட்கப் போனார்கள்.

அந்தத் திட்டத்தில் இன்னோர் அழைப்பும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. நோயாளி இறந்த பிறகு நர்ஸ் அந்த வீட்டுக்கு ஒருமுறை போன் செய்ய வேண்டும்.